கழுத்துக் கேள்வி

போன வாரம் முழங்கால் வலிக்கு மருந்து வாங்க உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். நான் ஓய்வு பெற்ற நர்ஸ் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாததும் நல்லதாகப் போயிற்று, நிம்மதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். உங்களில் ஒரு பெண், கையில் இருந்த தட்டைப் பெட்டியில் ஒரு பெரியவருக்கு மருந்து பதிந்துகொண்டிருந்தாள். பெட்டி ‘டிங்’ என்றது. சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. அவள் அதைப் படிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவளிடம் சீரியல் கதை சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் அதைத் தள்ளிவிட்டாள்.

“என்னம்மா அது?” என்று கேட்டேன்.

“அது எப்பவும் இப்படித்தான் கத்தும் ஆன்ட்டி. கண்டுக்காதீங்க.”

அடிப்பாவி மகளே என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். மறுநாள் உங்கள் மேட்ரன் போன் செய்து, புதுப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசுங்கள் என்றபோது, வேறு எதைப் பேசுவது என்று நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பெண் இந்தக் கூட்டத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொள்ளாதே, கண்ணு. உன்னைத் திட்டுவதற்காக நான் வரவில்லை. ‘எப்பவும் இப்படித்தான்’ என்று நீ சொன்னாயே, அந்த வார்த்தையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதே வார்த்தையை நாங்களும் சொல்லியிருக்கிறோம்.

கம்ப்யூட்டர் எல்லாம் இப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள். எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு எண்பதுகளிலேயே வந்துவிட்டது. தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி போகிற பக்கத்தில், புளியமரங்களுக்கு நடுவில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். நான் அங்கே பெண்கள் வார்டு சிஸ்டர். கன்னியாஸ்திரீகள் நடத்திய இடம், ஆனால் எல்லாச் சாதி சனமும் வேலை பார்த்தோம். நான் அரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். சித்திரையில் தீர்த்தமலைக்கு மொட்டை போடப் போனால் திரும்பி வந்து மாதா படத்துக்கு முன்னாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் டூட்டியில் ஏறுவேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

வெளிநாட்டில் நல்ல மனது கொண்ட யாரோ சேர்ந்து அந்த மெஷினை அனுப்பி வைத்தார்கள். டிவி மாதிரி ஒரு பெட்டி, முன்னால் டைப்ரைட்டர் மாதிரி பித்தான்கள், பக்கத்தில் காகிதம் துப்புகிற இன்னொரு பெட்டி. அதற்காக எக்ஸ்ரே ரூமைத் தடுத்து ஏசி போட்டார்கள். ஆபரேஷன் தியேட்டரில் கூட அப்போது ஏசி கிடையாது! ஃபாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார். எங்கள் பெரிய டாக்டர் குறுக்கே பாய்ந்து, “ஃபாதர், சுவத்து மேல தெளிங்க, இது மேல வேண்டாம், ஷாக் அடிச்சிடும்” என்று கத்தினார். ஆயுத பூஜைக்கு வாட்ச்மேன் யாருக்கும் தெரியாமல் திரைக்கு நடு நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார். அதற்கும் அன்றைக்கு ஒரு சத்தம்.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வறண்ட ஊரிலேயே தங்கிவிட்ட மனிதர். கோபக்காரர். ஆனால் கோபம் நோயாளி மேல் போகாது, எங்கள் மேல்தான் வரும். நான் கற்றுக்கொண்டது எல்லாம் அவரிடம்தான். வயிற்றைத் தொடும்போது வயிற்றைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். அதை மறந்துவிடாதீர்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

மெஷின் செய்தது இதுதான். காய்ச்சலோடு வருகிறவரைப் பற்றி அது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். குளிர் நடுக்கம் உண்டா? தலைவலி உண்டா? கழுத்து விறைப்பு உண்டா? வாந்தி உண்டா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம் அல்லது இல்லை என்று பித்தான் அழுத்த வேண்டும். கடைசியில் என்ன நோயாக இருக்கலாம், என்ன செய்ய வேண்டும் என்று கரகரவென்று அச்சடித்துக் கொடுக்கும். ஒரே டாக்டர், வாசல் நிறைய சனம். அதனால் நர்ஸ் முதலில் கேள்விகளை முடித்துக் காகிதத்தோடு உள்ளே அனுப்பினால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். சனங்களுக்கும் அதன் மேல் பெரிய பிரியம். “என்னையும் டிவி டாக்டருகிட்ட காட்டுங்க” என்று சண்டை போடுவார்கள். பாதி பேர் ஏசிக்காகத்தான்.

அதில் உட்கார வைத்தது லூர்துவை. எங்களில் அவள் ஒருத்திதான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், பித்தான்களிலும் ஆங்கில எழுத்துதான். அவள் லீவு போட்டால் மற்ற நர்ஸுகள் தடுமாறக் கூடாது என்று, இரண்டு பித்தான்கள் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வெட்டி ஒட்டி, ஒன்றில் ‘ஆமா’ என்றும் இன்னொன்றில் ‘இல்ல’ என்றும் எழுதி வைத்தாள். பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “வெள்ளைக்காரன் பார்த்தா மயக்கம் போட்டு விழுவான்” என்று சிரித்தார்.

லூர்து பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரி. கேழ்வரகும் கடலையும் போடுகிற கத்தோலிக்கக் குடும்பம். எனக்கு நாலைந்து வயது இளையவள், அக்கா அக்கா என்று என்னையே சுற்றுவாள். நன்றாகச் சிரிப்பாள், ஆனால் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். பல் காவி நிறம். அவள் ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். அது சின்ன வயதில் பல்லைக் கறையாக்கும், வயது ஏற ஏற எலும்பை இறுக்கும். முப்பதைத் தாண்டியவர்களுக்கே முதுகும் கழுத்தும் மெல்ல மெல்ல விறைத்துப் போகும். லூர்துவைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பாது, ஆளே நாற்காலியோடு திரும்புவாள். நாங்கள் அவளை ‘கலெக்டரம்மா’ என்று கிண்டல் செய்வோம். பெரிய மனுஷிதானே அப்படித் திரும்புவாள்!

மெஷின் வந்த புதிதில் ஒரு பெரியவர் காய்ச்சலோடு வந்தார். அவரும் அந்தப் பக்கத்து ஊர்தான். லூர்து கேள்விகளை முடித்தாள். கழுத்து விறைப்பு உண்டா? உண்டு, கட்டை மாதிரி இருக்கிறது. ‘ஆமா’. மெஷின் உடனே மூளைக்காய்ச்சல் என்று அச்சடித்தது, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார் என்றது. பெரிய டாக்டரும் எடுத்தார். அந்த முதுகில் ஊசி இறங்குவதற்குள் பெரியவர் துடித்துவிட்டார். நீர் தெளிவாக வந்தது. மூளைக்காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் மலேரியா. ஊசி போட்ட வலியில் அவர் பல நாள் தலை தூக்க முடியாமல் படுத்துக்கிடந்தார்.

அவர் மகன் டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டார். “ஏனுங்க டாக்டரே, எங்கூர்ல எல்லாருக்கும் கழுத்து எப்பவும் இப்படித்தானுங்க இருக்கும். எங்கூட்டு ஆயா இருவது வருசமா மேல அண்ணாந்து நெலாவப் பாத்தது இல்ல. அதுக்குன்னு எல்லாருக்கும் முதுவுல ஊசி போட்டுருவீங்களா?”

பெரிய டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அது நின்றபாடில்லை. அந்த ஊர்களிலிருந்து யார் காய்ச்சலோடு வந்தாலும் மெஷின் மூளைக்காய்ச்சல், மூளைக்காய்ச்சல் என்றே அச்சடித்தது. அதைச் செய்தவர்களுக்கு எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்? டாக்டர் அவர்களுக்கு எழுதிப்போட்டார். அடுத்த முறை சரி செய்து அனுப்புகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த முறை என்றால் எப்போது? நடுவில் இன்னொரு அம்மாவுக்கும் வீணாக முதுகில் ஊசி போட வேண்டி வந்தது. அன்றைக்கு டாக்டர் மெஷின் ரூமுக்குள் புயலாக நுழைந்தார்.

“லூர்து, இனிமே பல்லைப் பாரு. பல்லு காவியா இருந்தா கழுத்துக் கேள்விக்கு ‘இல்ல’ன்னு அமுக்கு. இந்த முட்டாளுக்கு வேற வழியில புரிய வைக்க முடியாது.”

இப்போது கேட்கும்போது உங்களுக்குத் தப்பாகத் தெரியலாம். அன்றைக்கு எங்களுக்கு அது மகா புத்திசாலித்தனமாக இருந்தது. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் சொன்னாலும் கேட்டுக்கொண்டு இருக்க மாட்டேன். சனங்கள் வீணாக ஊசி குத்து வாங்குவதைப் பார்த்து வயிறு எரிந்துதான் அந்த மனிதர் அப்படிச் சொன்னார். அப்புறம் மெஷின் ஒழுங்காக நடந்துகொண்டது. மலேரியாவை மலேரியா என்றது, டைபாய்டை டைபாய்டு என்றது. “பாத்தீங்களா அக்கா, நம்மூரு தண்ணிக்குப் பழகிருச்சு” என்று லூர்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாள் போகப் போக என்ன ஆயிற்று தெரியுமா? டாக்டர் பல்லைப் பார்க்கச் சொன்னார். கழுத்தைத் தொட வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் பதில்தான் முன்பே தெரியுமே, எதற்குத் தொடுவது? லூர்து கழுத்தைத் தொடுவதை விட்டாள். காகிதத்தில் கழுத்து விறைப்பு இல்லை என்று அச்சடித்து வந்ததால் டாக்டரும் விட்டார். வார்டுக்கு அந்தக் காகிதம் கேஸ் ஷீட்டோடு குத்தி வந்ததால் நாங்களும் விட்டோம். அந்த ‘இல்ல’ நாங்களே மெஷினுக்கு ஊட்டிவிட்டது. அச்சில் திரும்பி வந்ததும் அது எங்கள் வாயிலிருந்து போனது என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று.

ஒரு சந்தை நாள். ஓபி வழிந்துகொண்டிருந்தது. லூர்து காலையிலிருந்தே முகம் வாடி இருந்தாள். ஏசி குளிருக்குச் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வேலையாக உள்ளே போனபோது நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், கொதித்தது.

“ஏய், காய்ச்சலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. எந்திரிடி.”

“தல வெடிக்குதுக்கா. இந்தக் கூட்டம் முடியட்டும், படுத்துக்குறேன்.”

கூட்டம் குறைந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. தன் பெயரைத் தட்டினாள். “என்னையும் டிவி டாக்டருகிட்ட காட்டிக்கிறேன்” என்று சிரித்துக்கொண்டே தனக்குத் தானே கேள்விகளுக்குப் பதில் அழுத்த ஆரம்பித்தாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் உண்டா? ஆமா. தலைவலி? ஆமா. கழுத்து விறைப்பு உண்டா? லூர்து ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. எல்லோருக்கும் அழுத்துகிற மாதிரி தனக்கும் ‘இல்ல’ என்று அழுத்தினாள். “நமக்கு எப்பவும் இப்படித்தானே” என்றாள். நானும் சிரித்தேன்.

டைபாய்டு என்று காகிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். அவர் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்து அதோடு போராடிக்கொண்டிருந்தார். காகிதத்தை ஒரு பார்வை பார்த்து, “டைபாய்டுதான் இப்ப ஊரெல்லாம் இருக்கே, அட்மிட் ஆயிடும்மா, கேப்சூல் ஆரம்பிச்சிடலாம்” என்று எழுதிக் கொடுத்தார். அவள் என் வார்டுக்கு வந்து ஜன்னலோரக் கட்டிலில் படுத்தாள். கேப்சூலை நான்தான் கொடுத்தேன்.

அந்த மருந்து ஒரு நாடகம் ஆடியது. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். தலைவலி மட்டும் விடவில்லை. அவள் வீட்டுக்காரர் தினமும் காலையில் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் குந்தியிருப்பார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, வாய் ஓயாமல் வகுப்புக் கதை சொல்லும். லூர்து கண்ணை மூடிக்கொண்டு ‘உம்’ கொட்டுவாள். அந்தக் குழந்தை பேசுவதை நிறுத்தினால், “அப்பறம் என்னாச்சு?” என்று கேட்பாள். எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் ஒரு மத்தியானம். வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்தது. லூர்து முகத்தைப் பொத்திக்கொண்டு, “வெளிச்சத்த அணைங்க, வெளிச்சத்த அணைங்க” என்று கத்தினாள். வீட்டுக்காரர் கொடுத்த கூழ் அப்படியே வெளியே வந்தது. நான் ஓடிப்போய்த் தலையணையை மாற்றத் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினேன். தலையோடு தோளும் சேர்ந்து வந்தது. அது அவளுக்கு எப்பவும் உள்ளதுதான். ஆனால் முகம்? ஐயோ, அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன். கண் செருகி, பல்லைக் கடித்து, வலியில் அப்படியே கோணிப்போயிற்று. தண்ணீரால் விறைத்த கழுத்து அப்படி வலிக்காது, பிள்ளைகளா. அது இறுகி மட்டும்தான் இருக்கும். என்னைப் பார்த்து, “ஆத்தா, நீ எப்ப வந்த?” என்றாள். அவள் ஆத்தா செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

நான் செருப்புக் கூடப் போடாமல் ஓடினேன்.

டாக்டர் வந்தார். கழுத்துக்குக் கீழே கையை வைத்தார். முகத்தைப் பார்த்தார். முதுகில் நீர் எடுக்கச் சாமான்களைக் கொண்டுவரச் சொன்னார். அவளைப் பக்கவாட்டில் திருப்பி நானும் வீட்டுக்காரரும் பிடித்துக்கொண்டோம். ஊசி இறங்கவில்லை. எலும்பும் எலும்பும் இறுகி ஒன்றாகிக் கிடந்தது. இடம் மாற்றிக் குத்தினார், அங்கேயும் இறங்கவில்லை. ஃபேன் நின்றுவிட்டது, கரண்ட் போயிற்று. டாக்டரின் நெற்றி வியர்வை அவள் முதுகில் சொட்டியது. மறுபடியும் ஊசியை எடுத்தவர், கையை நடுவில் நிறுத்தினார்.

“வேண்டாம். நீர் கிடைச்சு, அதை லேபுக்கு அனுப்பி, பதில் வந்து... அதுக்குள்ள இவ போயிடுவா. சிஸ்டர், பென்சிலின். நரம்பு வழியா. இருக்கிறதிலேயே பெரிய டோஸ்.”

“சேலத்துக்குக் கொண்டு போயிரலாங்களா?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“வண்டியில போற நேரத்துல என்ன வேணா ஆகலாம்ப்பா. அங்க குடுக்கப் போற மருந்து இங்கயே இருக்கு. முதல்ல அது உள்ள போகட்டும்.”

“பொழச்சுக்குவாளுங்களா?”

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். “தெரியலப்பா” என்றார். அந்த மனிதர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயில் திணித்துக்கொண்டு அழுதார். சத்தம் கேட்டால் அவளுக்குத் தலை வலிக்குமாம்.

ஒரு விஷயம் இங்கே கவனியுங்கள். ஆதாரம் கையில் இல்லாமல் முடிவெடுக்கிற தைரியம் அன்றைக்கு அவருக்கு இருந்தது. அந்த முடிவுதான் அவள் உயிரைக் காப்பாற்றியது. டைபாய்டுக்குக் கொடுத்த கேப்சூலும் கொஞ்சம் உதவியிருக்கிறது, அது அந்த நோயைப் பாதி அடக்கி வைத்திருந்தது என்று பின்னால் டாக்டரே சொன்னார். அடக்கி வைத்ததால்தான் எங்கள் கண்ணுக்கும் அது தெரியாமல் போயிற்று.

கரண்ட் வந்ததும் டாக்டர் நேராக மெஷின் ரூமுக்குப் போனார். மருந்து கேட்டுக் கையெழுத்து வாங்க நான் பின்னாலேயே போனேன். அவர் லூர்துவின் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் அன்றைக்குக் கொடுத்த அதே பதில்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அழுத்தினார். குளிர், ஆமா. தலைவலி, ஆமா. கழுத்துக் கேள்வி வந்தது. ‘ஆமா’ என்று அழுத்தினார். மற்றது எதையும் மாற்றவில்லை.

காகிதம் கரகரவென்று வெளியே வந்தது. மூளைக்காய்ச்சல், உடனே கவனி என்று இருந்தது.

“இதுக்குத் தெரிஞ்சிருக்கு சிஸ்டர். நான்தான் இதோட வாயை அடைச்சேன்” என்றார். அந்தக் காகிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

லூர்து பிழைத்தாள். மாதா கோயிலில் வீட்டுக்காரர் மெழுகுவர்த்தி ஏற்றினார், நான் தீர்த்தமலைக்கு நேர்ந்துகொண்டேன். காய்ச்சல் விட்டது, ஆட்களை அடையாளம் தெரிந்தது, கூழ் தங்கியது. ஒரு சாயங்காலம் மகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து வழக்கம் போலக் கதை சொல்லிக்கொண்டிருந்தது. லூர்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை நிறுத்திவிட்டு, “அம்மா, அப்பறம் என்னாச்சுன்னு கேளு” என்றது. அவள் திரும்பவில்லை. குழந்தை தோளைப் பிடித்து உலுக்கியதும்தான் ஆளோடு திரும்பினாள். குழந்தையின் வாயைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“அக்கா, பாப்பா ஏன் சத்தமில்லாம பேசுது?”

நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். அந்த நோய் சில பேருக்கு உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போகும். இரண்டு காதும் போயிற்று, திரும்ப வரவில்லை. சேலம், பெங்களூர் என்று அவர்கள் அலைந்ததை எல்லாம் சொல்லி உங்களை அழவைக்க நான் விரும்பவில்லை.

லூர்து துணி அறையில் வேலைக்குத் திரும்பினாள். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தாள். மகள் பெரியவளாகிக் கல்யாணமாகி ஒசூரில் இருக்கிறாள். அவள் குரல் எப்படி மாறிற்று என்று அவள் அம்மாவுக்குத் தெரியாது. இரண்டாம் வகுப்புக் குரலோடு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் என்ன மாறியது என்று கேட்பீர்கள். பெரிய டாக்டர் மெஷினைத் தூக்கி எறியவில்லை. சில பேர் எறியச் சொன்னார்கள், ஃபாதர் கூடச் சொன்னார். “அது தப்பு பண்ணலையே” என்றார் டாக்டர். காவிப்பல் விதியைத் தூக்கினார். காய்ச்சல்காரர் யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், முதலில் படுக்க வைத்துத் தலைக்குக் கீழே கை கொடுத்து முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் மெஷின் முன்னால் உட்கார வேண்டும். கழுத்து எப்பவும் இப்படியா என்று கேட்பதோடு விடக் கூடாது, இன்றைக்குப் புதிதாக வலிக்கிறதா என்றும் கேட்க வேண்டும். மெஷின் அபத்தமாகச் சொன்னால் அதோடு சண்டை போடு, டாக்டரிடம் சொல், காகிதத்தில் குறுக்கே எழுது. ஆனால் அது நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லட்டும் என்று உண்மையை மாற்றி உள்ளே போடாதே. வேலை நேரம் கூடியது, சனங்கள் முணுமுணுத்தார்கள். அவர் அசையவில்லை.

உங்கள் பெட்டி வீணாகக் கத்தும்தான். எனக்குத் தெரியாதா? கத்திக் கத்தி உயிரை வாங்கும். அது ஏன் வீணாகக் கத்துகிறது என்று மேலே போய்ச் சண்டை போடுங்கள். நான் வருகிறேன் கூட. ஆனால் அந்தச் சிவப்புக் கட்டத்தைத் தள்ளுவதற்கு முன்னால், கட்டிலில் இருக்கிறவரை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இன்னும் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பாதிதான் சொன்னதாக ஆகும்.

லூர்துவை டிஸ்சார்ஜ் செய்த அன்று அவள் வீட்டுக்குக் கிளம்பாமல் என் கையைப் பிடித்து மெஷின் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரிய டாக்டரைக் கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டினாள். அவர் வந்து பக்கத்தில் நின்றார். அவள் மெஷினைப் போட்டு, தன் பெயரைத் தட்டி, ஒவ்வொரு கேள்வியாகத் தாண்டினாள். திரையில் கழுத்துக் கேள்வி வந்ததும் கையை எடுத்துவிட்டாள். ஆளோடு டாக்டர் பக்கம் திரும்பினாள். தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தம் அளவு தெரியாமல், ஓபி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“டாக்டர், அன்னைக்கு எங்கழுத்த யாராச்சும் தொட்டுப் பாத்தீங்களா?”

டாக்டர் வாயைத் திறந்தார். அவர் உதடு அசைந்தது. லூர்து கையை ஆட்டினாள், எனக்குக் கேட்காது என்று காதைக் காட்டினாள். அப்புறம் விரலால் பித்தான்களைக் காட்டினாள். அங்கே சொல்லுங்கள்.

இரண்டு பிளாஸ்திரியும் அவள் ஒட்டியவைதான். ‘ஆமா’ என்பது இன்னும் வெள்ளையாக இருந்தது. ‘இல்ல’ என்பது விரல் பட்டுப் பட்டு அழுக்கேறி, எழுத்து பாதி தேய்ந்துபோயிருந்தது. பெரிய டாக்டர் இரண்டையும் பார்த்தார். பிறகு குனிந்து, அந்த அழுக்குப் பிளாஸ்திரியின் மேல் விரலை வைத்து அழுத்தினார்.

திரையில் அந்தக் கேள்வி மறைந்து அடுத்த கேள்வி வந்தது. வாந்தி உண்டா என்று கேட்டது.